41,280 க்ளிக் ஓடிய காமிரா!

செகண்ட் ஹாண்டில் ஸ்கூட்டர் வாங்கினால் ஊரே பாராட்டும். "கில்லாடிய்யா! பாதி விலைக்கு முடிச்சுட்டான்" என்று டீக்கடையில் பேசும். செகண்ட் ஹாண்டில் காமிரா வாங்கியிருக்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். "ஏன் சார், உங்க செல்லுல காமிரா இல்லையா?" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்பார்கள்.

என் வீட்டிலும் அதே குரல்தான். வாஷிங் மெஷினுக்குப் புது மோட்டார் போட எடுத்து வைத்திருந்த 12,000 ரூபாயோடு நான் நங்கநல்லூருக்கு பஸ் ஏறியது 2023 ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம். அதற்குப் பிறகு மூன்று வாரம் வீட்டில் துணி துவைத்தது யார் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

சரக்கு என்ன? நிக்கான் டி90. 2008 ஆகஸ்டில் வெளியான மாடல். வீடியோவும் எடுக்கும் முதல் டி.எஸ்.எல்.ஆர். என்று அந்தக் காலத்தில் பேசப்பட்டது. தயாரிப்பு நின்று பல வருஷமாகிறது. 12.3 மெகாபிக்சல். "என் போன்ல 50 இருக்கு" என்று ஆபீஸ் நண்பர் மார் தட்டினார். இருக்கட்டும். டி90-யில் வெளிச்சத்தை வாங்குகிற சென்ஸார் ஏறக்குறைய 24க்கு 16 மில்லிமீட்டர். போனில் இருப்பது அதன் பக்கத்தில் வைத்தால் ஜன்னலுக்குப் பக்கத்தில் சாவித் துவாரம். எத்தனை கட்டம் போட்டிருக்கிறது என்பது வேறு. எவ்வளவு வெளிச்சம் உள்ளே வருகிறது என்பது வேறு. மேலும் 12 மெகாபிக்சலை அச்சுக்குக் கொடுத்தால் 14க்கு 9 அங்குலம் சுத்தமாக வரும். என் வீட்டுச் சுவர் அதைவிடப் பெரிய படத்தைத் தாங்காது.

விற்றவர் கணக்குத் தணிக்கை வேலையில் ரிட்டையர் ஆனவர். வயது 73. 2010-ல் ரிட்டையர் ஆன கையோடு வாங்கினாராம். "ரொம்ப எடுக்கலை தம்பி. கொஞ்சம்தான்" என்றார். காமிரா, ஒரு 50 எம்.எம். லென்ஸ், சார்ஜர், பை. நான் கொடுத்த பணத்தை வாங்கி, எண்ணாமல், அப்படியே சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பணத்தை எண்ணாத ஆடிட்டரை நான் அதுவரை பார்த்ததில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்து, குங்குமம் வைக்கலாமா லென்ஸில் பட்டுவிடுமா என்று யோசித்து, பாட்டரியைப் போட்டு, வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்தால்... எல்லாம் கலங்கல்! சாமி, அலமாரி, மனைவியின் கோபமான முகம் எல்லாமே வெந்நீர் ரூம் கண்ணாடியில் தெரிகிற மாதிரி.

12,000 ரூபாய்!

நடுங்கும் விரலால் பெரியவருக்கு போன் போட்டேன். "லென்ஸ் போயிடுச்சு சார்!"

"போகலை. கண் வைக்கிற இடத்துக்குப் பக்கத்துல குட்டியா ஒரு சக்கரம் இருக்கும். அதைத் திருப்புங்க. என் கண்ணுக்கு வச்சது. உங்களுக்கு ஒத்துவராது."

திருப்பினேன். மனைவியின் கோபம் துல்லியமாகத் தெரிந்தது.

இதற்கு டையாப்டர் என்று பெயர். கண்ணாடியின் பவர் மாதிரி. டி90-யில் மைனஸ் 2-லிருந்து ப்ளஸ் 1 வரை போகும். படத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பார்க்கிறவன் கண்ணுக்கு மட்டும். திருப்பும்போது எதிரே இருக்கிற ஆளைப் பார்க்கக் கூடாது. வ்யூஃபைண்டருக்கு அடியில் ஓடுகிற எண்கள் கூர்மையாகத் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். பழைய காமிரா வாங்குகிற பாதிப் பேர் முதல் நாள் அலறுவது இந்தச் சக்கரத்தால்தான் என்பது என் அபிப்பிராயம். பெரியவர் அதை மைனஸ் பக்கம் கடைசி வரை தள்ளி வைத்திருந்தார்.

சரி என்று க்ளிக்கினேன். காமிரா அசையவில்லை. மேலே இருக்கிற குட்டித் திரையில் மூன்று எழுத்து மின்னியது. எஃப்... இ... இ.

பீ!

நான் பி.காம். பீஸ் என்ற சொல் கண்ணில் பட்டால் ரசீது எங்கே என்று கேட்கிற ரகம். வாங்கின அன்றைக்கே காமிரா பீஸ் கேட்கிறது! எவ்வளவு, யாருக்குக் கட்ட வேண்டும், ஜி.எஸ்.டி. தனியா?

மறுபடி நங்கநல்லூரைத் தொந்தரவு செய்ய வெட்கமாக இருந்ததால் இரவு 11 மணி வரை கையேட்டைத் தேடிப் படித்தேன். அந்த 50 எம்.எம். பழைய டி வகை லென்ஸ். கழுத்தில் ஒரு வளையம், அதில் 1.8-லிருந்து 22 வரை எண்கள். வளையத்தை ஆரஞ்சு நிற 22-ல் நிறுத்தி, பக்கத்தில் இருக்கிற குட்டி லாக்கைத் தள்ளிவிட வேண்டும். அதற்குப் பிறகு அப்பர்ச்சரைக் காமிராவே பார்த்துக்கொள்ளும். 22-ல் இல்லாவிட்டால் பீ கேட்டுக்கொண்டே இருக்கும். தள்ளினேன். பீஸ் தள்ளுபடி!

இந்த லென்ஸ் பற்றி இன்னொரு வார்த்தை. இதற்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. டி90-யின் உடம்பில் மோட்டார் இருப்பதால் திருகித் திருகி ஃபோகஸ் செய்துவிடும். டி3100, டி5100 மாதிரி மாடல்களின் உடம்பில் மோட்டார் இல்லை. அவற்றில் மாட்டினால் கையால்தான் சுற்ற வேண்டும். பழைய லென்ஸை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கப் போகிற இளைஞர்கள் இதைக் கேட்டுக்கொண்டு பர்ஸைத் திறக்கவும்.

ஞாயிறு காலை 9 மணிக்கு மாடியில் மனைவியை நிற்க வைத்து (துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள்; நிற்க வைத்தேன் என்பது மிகை) பத்துப் படம் எடுத்தேன். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபோது அவளே கண்டுபிடித்தாள்.

"ஏங்க, நேத்து ராத்திரி எட்டரைன்னு போட்டிருக்கு. ராத்திரி எட்டரைக்கு நம்ம மாடியில சூரியனா?"

படமும் வெளுத்துப்போயிருந்தது. அளவும் சின்னதாக இருந்தது. 12 மெகாபிக்சலுக்குப் பதில் 3.

இந்த இடத்தில் சாதாரண மனிதன் செய்வது ஒன்றுதான். டி90-யின் மேல் பச்சைப் புள்ளி வைத்த இரண்டு பட்டன்கள் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து இரண்டு வினாடிக்கு மேல் அழுத்தினால், படமெடுப்பதற்கான முக்கியமான செட்டிங்குகள் பிறந்த மேனிக்குத் திரும்பிவிடும். என் விரல் அங்கே போய்விட்டது. அப்போதுதான் பி.காம். குறுக்கே விழுந்தது.

ஒரு கம்பெனியை விலைக்கு வாங்கினால் முதல் நாளே பழைய புத்தகங்களைக் கொளுத்துவோமா? ஓப்பனிங் பாலன்ஸ் எழுதிக்கொண்டுதானே புது லெட்ஜர் போடுவோம்? ஒரு பேப்பர் எடுத்தேன். மெனுவில் ஒவ்வொரு வரியாக இறங்கி, பெரியவர் வைத்திருந்ததை எழுதினேன்.

டையாப்டர்: மைனஸ் கோடி. படத்தின் அளவு: ஸ்மால். எக்ஸ்போஷர் காம்பன்சேஷன், அதாவது காமிரா கணக்கிட்ட வெளிச்சத்துக்கு மேல் நாம் கூட்டிக் குறைப்பது: ப்ளஸ் 1. பின்பக்கத் திரையின் பிரகாசம்: ப்ளஸ் 3, அதற்கு மேல் போகாது. ஃபோகஸ் ஆனால் பீப் ஒலி: ஆன். கடிகாரத்தின் ஊர்: லாஸ் ஏஞ்சலஸ், கோடைக்கால நேரம் சகிதம். நமக்கும் அதற்கும் 12½ மணி வித்தியாசம். ராத்திரி எட்டரைச் சூரியன் உதித்தது அங்கேதான்! ஊரைப் புதுடில்லி என்று மாற்றி, கோடைக்கால நேரத்தையும் ஆஃப் செய்தால் கடிகாரம் தானே சரியாகிக்கொள்கிறது. முள்ளைத் தனியாகத் திருப்ப வேண்டாம்.

கடைசியாக ஒன்று. 'இமேஜ் கமென்ட்' என்று ஒரு வசதி. 36 எழுத்துக்குள் எதையாவது எழுதி வைத்தால், எடுக்கிற ஒவ்வொரு படத்தோடும் அந்த வரி ஒட்டிக்கொள்ளும். படத்தின் மேல் தெரியாது, ஃபைலுக்குள் இருக்கும். சாதாரணமாக சொந்தக்காரர் பெயரோ போன் நம்பரோ போட்டிருப்பார்கள். பெரியவர் இங்கிலீஷில் போட்டிருந்தது:

"லெஃப்ட் ஐ 14-6-2017."

என் மனைவி துணி காயப் போடுகிற பத்துப் படத்துக்குள்ளும் இந்த வரி உட்கார்ந்திருந்தது.

புரியவில்லை. எழுதி வைத்துக்கொண்டேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரிச்சி தெருவில் ஒரு கடைப் பையன், "எல்லாத்துக்கும் போடலாம் சார்" என்று என் தலையில் கட்டிய 64 ஜி.பி. மெமரி கார்டைக் காமிரா மதிக்கவே இல்லை. பையனைச் சொல்லிக் குற்றமில்லை. எஸ்.டி.ஹெச்.சி. என்கிற பழைய வகைக்கு 32 ஜி.பி.தான் உச்சம், 64 ஜி.பி. அதற்கு அடுத்த வகை, அறிவிக்கப்பட்டதே 2009-ல். அதற்கு முந்தின வருஷம் பிறந்த காமிராவுக்கு அது எப்படித் தெரியும்? லாப்டாப் பையில் கிடந்த பழைய 8 ஜி.பி. கார்டுதான் மானத்தைக் காப்பாற்றியது. எந்தக் கார்டையும் காமிராவிலேயே ஃபார்மட் செய்வது உத்தமம். பாட்டரியின் ஆயுளை மெனுவே சொல்லிவிடும். 0 என்றால் புதுசு, 4 என்றால் சங்கு. எனக்குக் கிடைத்தது 3. சென்ஸாரில் தூசி இருக்கிறதா என்று பார்க்க அப்பர்ச்சரை எஃப் 16-ல் வைத்து வெறும் வானத்தை எடுங்கள். எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் காக்கா பறந்தால் அது காக்கா இல்லை. ரப்பர் ப்ளோயரால் ஊதலாம். வாயால் ஊதாதீர்கள், தூசிக்குப் பதில் எச்சில் இருக்கும்.

இனிமேல்தான் விவகாரம்.

காரில் ஓடோமீட்டர் மாதிரி இந்தக் காமிராவிலும் ஒரு கணக்கு உண்டு. ஷட்டர் எத்தனை தடவை திறந்து மூடியது என்பதை நிக்கான் ஒவ்வொரு படத்தின் வயிற்றிலும் எழுதி அனுப்புகிறது. படத்தின் பெயரில் இருக்கிற நம்பரை நம்பக் கூடாது. அது 9999 வந்ததும் மறுபடி 1-லிருந்து தொடங்கும். எக்ஸிஃப்டூல் என்று ஒரு இலவச ப்ரோகிராம். அதில் படத்தைப் போட்டால் உண்மை வெளியே வரும். டி90-யின் ஷட்டர் 1,00,000 தடவைக்குச் சோதிக்கப்பட்டது. நான் போட்டுப் பார்த்தேன். என் பத்துப் படத்தைக் கழித்தது போக...

41,280.

"கொஞ்சம்தான்" என்றாரே மனுஷன்! ரத்தம் கொதித்தது. ரிட்டையர்டு ஆடிட்டர், வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, வாயில் பொய்! போனை எடுத்தேன்.

"சார், ஷட்டர் 41,280 காட்டுது. நீங்க கொஞ்சம்னு சொன்னீங்க."

"எவ்வளவு?"

"41,280!"

எதிர்முனையில் சின்ன மௌனம். அப்புறம், "2010-லேருந்து 13 வருஷம். வருஷத்துக்கு 365. ஒரு நாளைக்கு எட்டு புள்ளி ஏழு. ஒம்பதுகூட வரலையே தம்பி. கொஞ்சம்தானே?"

கால்குலேட்டரில் போட்டேன். 8.7.

மனக்கணக்கில் தோற்ற பி.காம்.-காரனுக்குக் கோபப்பட உரிமை இல்லை. குரலை இறக்கி, "ஒரு நாளைக்கு ஒன்பது படம் அப்படி என்ன சார் எடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"வாசலுக்கு வந்தவங்களை. கீரைக்காரம்மா, காஸ் சிலிண்டர் போடற பையன், போஸ்ட்மேன், மீட்டர் ரீடிங் எடுக்க வர்றவர், ஓட்டு கேக்க வர்றவங்க... யார் வந்தாலும் ஒரு நிமிஷம் நிக்கச் சொல்லி எடுப்பேன். 4க்கு 6 சைஸ்ல பிரிண்ட் போட்டு அடுத்த தடவை வரும்போது கொடுத்துடுவேன்."

"அதனாலதான் ஸ்மால்ல வச்சிருந்தீங்களா?"

"4க்கு 6-க்கு 3 மெகாபிக்சல் தாராளம். எதுக்கு அனாவசியமா இடத்தை அடைக்கணும்?"

பேப்பர் என் கையில் இருந்தது. ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தேன். லாஸ் ஏஞ்சலஸ்? பையன் அங்கே இருக்கிறானாம். 2019-ல் போனபோது மாற்றியது; திரும்பி வந்தும் மாற்றவில்லை. "படத்துல டயத்தைப் பாத்தா அவன் முழிச்சிட்டிருக்கானா, தூங்கறானான்னு தெரியும். அப்புறம் போன் பண்ணலாம்."

"இந்த லெஃப்ட் ஐ?"

"அதுவா... வலது கண்ல க்ளாக்கோமா. 2017 ஜூன் 14 அன்னிக்கு டாக்டர் கையை விரிச்சுட்டார். மறுநாள்லேருந்து இடது கண்ல பாத்து எடுக்க ஆரம்பிச்சேன். அது சின்ன வயசிலேருந்தே சோப்ளாங்கி, பவர் ஜாஸ்தி. கணக்குல மெதட் மாறினா அடியில நோட் போடணும் இல்லையா தம்பி? அதான் போட்டேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. பேப்பரில் இருந்த மற்ற வரிகள் தானாகப் பேசத் தொடங்கின. மைனஸ் கோடி வரை திரும்பின சக்கரம். உச்சத்துக்கு ஏற்றின திரை. வெளிச்சம் போதாமல் படத்துக்கே ப்ளஸ் 1. ஃபோகஸ் ஆனது கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் காதுக்குத் தெரியட்டும் என்று பீப். எண்ணாமல் சட்டைப் பைக்குள் போன என் 12,000.

க்ளாக்கோமா என்பது பார்வை நரம்பை மெல்லக் கொல்கிற நோய். பெரும்பாலும் வலிக்காது. பார்வையை ஓரத்திலிருந்து அரித்துக்கொண்டு வரும். போனது போனதுதான், மருந்தும் ஆபரேஷனும் மிச்சத்தைக் காப்பாற்றத்தான். குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் நாமும் கண் அழுத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள்.

"போன தீபாவளியிலேருந்து இடதும் ஓரம் கட்ட ஆரம்பிச்சுடுச்சு" என்றார், யாருடைய கண்ணைப் பற்றியோ சொல்வதுபோல. "இப்ப நடுவுல மட்டும்தான் தெரியுது. வ்யூஃபைண்டர்ல பாக்கற மாதிரியே இருக்கு. அதுக்குத் தனியா ஒரு காமிரா எதுக்கு?"

அவராகவே சிரித்தார். நான் சிரித்தேனா என்று நினைவில்லை. "உங்க படம் எத்தனை சார் இருக்கு, அந்த நாற்பத்தோராயிரத்துல?" என்று கேட்டது நினைவிருக்கிறது.

"வாசலுக்கு வந்தவங்களைத்தானே எடுத்தேன்? நான் வாசலுக்கு வரலையே."

அன்று ராத்திரி பச்சைப் புள்ளிகளை அழுத்தினேன். ரீசெட்டுக்கு வராதவற்றைக் கையால் மாற்றினேன். திரை 0. படம் லார்ஜ், ஃபைன். ஊர் புதுடில்லி. ஐ.எஸ்.ஓ. ஆட்டோ, 1600-க்கு மேல் போகாதபடி கடிவாளம். பீப் ஆஃப், எனக்கு அந்தச் சத்தம் ஆகாது. டையாப்டருக்கு எந்த ரீசெட்டும் கிடையாது. அது விரலுக்கு மட்டும்தான் கட்டுப்படும், ஏற்கெனவே திருப்பியாச்சு. கமென்ட்டில் மட்டும் கை வைக்கவில்லை. அவரைக் கேட்டுக்கொண்டு செய்யலாம் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நங்கநல்லூர் போய் அவர் வாசலில் நின்று மணியடித்தேன். கம்பி கேட்டுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். சலவைச் சட்டை. காலை வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து வந்தது. டி90-யில் 50 எம்.எம். லென்ஸ் ஏறக்குறைய 75 எம்.எம். மாதிரி வேலை செய்யும். முகம் எடுக்க அதுபோல வராது. எஃப் 2.8 வைத்து, கண்ணில் ஃபோகஸ் பிடித்து, அழுத்தினேன். இன்னொன்று. இன்னொன்று.

"எப்ப எடுப்பீங்க தம்பி?"

"மூணு எடுத்தாச்சு சார்."

"பீப் வரலையே?"

மெனுவுக்குப் போய் பீப்பை ஆன் செய்தேன். மறுபடி கண்ணை வைத்தேன். பீப். அந்தச் சத்தம் கேட்டதும் அவர் தலை லேசாக நிமிர்ந்தது. உதடு ஓரத்தில் ஏதோ வந்தது. அந்தப் படம்தான் நன்றாக வந்திருக்கிறது. முதல் மூன்றும் ஆதார் கார்டு.

உள்ளே போய் உட்கார்ந்தோம். அவர் மனைவி காபி கொண்டு வந்து வைத்தார். காமிராவை அவரிடம் கொடுத்தேன். திரையை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய், இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று மெதுவாக நகர்த்தி நகர்த்தித் தன் முகத்தைப் பார்த்தார். வவுச்சர் சரிபார்க்கிற மாதிரி. ரொம்ப நேரம்.

"எந்தக் கண்ல பாத்து எடுத்தீங்க?"

"வலது சார்."

"அப்ப கமென்ட்டை மாத்திடுங்க. தப்பு நோட் இருக்கக் கூடாது. உங்க செல் நம்பரைப் போட்டு வைங்க, தொலைஞ்சா கொண்டு வந்து கொடுப்பான்."

மாற்ற உட்கார்ந்தேன். டி90-யில் டைப் அடிக்கிற வசதியெல்லாம் கிடையாது. பின்பக்கத்து வட்டப் பட்டனால் ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்து தேடி, ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். பழசை அழித்து, பத்து எண்ணை வைத்து முடிப்பதற்குள் காபி ஆறிவிட்டது.